மாப்பிள்ளையைக் குறை சொல்லலாமா?

எங்க கோவில்பட்டிப் பக்கம் மாப்பிள்ளையைக் குறை சொல்ற வழக்கம் கிடையாது. பொண்ணைக் கொடுத்தாச்சு, வாயைக் கட்டியாச்சு. அவுக உப்பில்லாத குழம்பு வச்சாலும், 'உடம்புக்கு ரொம்ப நல்லது'ன்னு இன்னொரு கரண்டி வாங்கிக்கிடணும். அதனால மாப்ளே, உங்க மொட்டை மாடித் தோட்டத்தைப் பத்தி நான் சொல்லப்போறது எல்லாமே பாராட்டுதான். நடுவுல எங்கயாவது குத்துனா அது ரோஜா முள்ளு. நான் பொறுப்பில்லை.

முதல்ல உங்க சுறுசுறுப்பு. பல்லு தேய்க்கிறதுக்கு முன்னால ஒரு தண்ணி. ஆபீசுக்குக் கிளம்புறப்ப ஒரு தண்ணி. திரும்பி வந்து சட்டையைக் கழட்டாம ஒரு தண்ணி. ராத்திரி போன்ல எவனோ செடியோட மனசைப் பத்திப் பேசுனதைக் கேட்டுட்டு, தூக்கம் வராம எந்திரிச்சுப் போயி இன்னொரு தண்ணி. கத்திரி இலை பழுத்துத் தொங்குது. 'பாவம் மாமா, தாகத்துல வாடுது'ன்னு மறுபடியும் ஹோஸ் பைப்பைத் தூக்குறீங்க. உங்க இரக்கத்தைப் பார்த்து எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

வேருக்கும் மூச்சு வேணும் மாப்ளே. மண்ணுக்குள்ள காத்து நிக்கிற சந்துல எல்லாம் தண்ணியை ரொப்புனா வேரு அழுகும். அழுகுன வேரு தண்ணி இழுக்காது. சேத்துக்குள்ள நின்னுக்கிட்டே இலை வாடும். நான் கரிசல்காட்டுல வானத்தைப் பார்த்தே தலை நரைச்ச ஆளு. தண்ணியில்லாம செத்த பயிரை நிறையப் பார்த்திருக்கேன். குடிச்சுக் குடிச்சே செத்த செடியை மெட்ராசுலதான் பார்க்கேன். விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் தட்டுனா கையைக் கழுவிட்டுப் போயிருங்க. மோதிர விரல் வேண்டாம், நாங்க போட்ட மோதிரம் அழுக்காயிரும்.

மாடித்தோட்டத்துல நீங்க நிதானமா இருந்த இடமும் ஒண்ணு இருக்கு. அந்த 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி. அதைத் தண்ணியில போட்டு, உப்பி வந்ததும் அப்படியே பையில கொட்டிட்டீங்க. அதுல உப்பு இருக்கும். ஊறவச்சு, பிழிஞ்சு, பழுப்புத் தண்ணி வெளுக்கிற மட்டும் ரெண்டு மூணு தரம் அலசணும். அப்புறம் செம்மண்ணு ஒரு பங்கு, நாரு ஒரு பங்கு, நல்லா மக்குன தொழுவுரம் ஒரு பங்கு. ஓயாம வேலை பார்க்கிற மனுசன், வேலை பார்க்கவேண்டிய இடத்துல மட்டும் ஓய்வெடுத்துட்டீங்க. இருக்கட்டும், உங்களுக்கும் ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு வேணும்ல.

விதைச்ச நேரமும் அருமை. ஆடிப்பட்டம், தைப்பட்டம்னு நாங்க பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கிட்டுக் கிடந்தோம். நீங்க ஆன்லைன்ல தள்ளுபடி வந்த அன்னிக்கே, அக்கினி நட்சத்திரத்துல, சிமெண்டுத் தளத்துல தக்காளி வச்சீங்க. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டுனா தக்காளிப் பூ காயா மாறுறது கஷ்டம், பூவாவே உதிரும். உதிர்ந்த பூவை எம்மவ கூட்டி அள்ளுனா. வீட்டுக்கு ஒரு மங்களம்தான்.

சுரைக்கொடி கதைக்கு வாரேன். 'இவ்வளவு பூ பூக்குது, ஒரு பிஞ்சு இல்லையே'ன்னு அதைப் பிடுங்கப் போனீங்க பாருங்க, நல்லவேளை நான் குறுக்க வந்தேன். முதல்ல வர்றது அம்புட்டும் ஆண்பூ. நெட்டைக் காம்புல, மாப்பிள்ளை முறுக்கோட நிமிர்ந்து நிக்கும்; ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாது. நான் சுரையைச் சொல்றேன். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் பொண்ணுப்பூ வரும். பூவுக்கு அடியிலயே விரல் நுனியளவு ஒரு சுரைக்காய், மேலெல்லாம் பூனை முடியோட, பொறக்கும்போதே இருக்கும். அதை வச்சு அடையாளம் பாருங்க.

சுரை சாயங்காலம் பூக்குற சாதி. இருட்டுல அந்துப்பூச்சி கண்ணுல படத்தான் வெள்ளையாப் பூக்குது. நாலாவது மாடிக்கு அந்துப்பூச்சி லிப்டுல வராது. நீங்கதான் தரகர் வேலை பார்க்கணும். பொழுது சாயவும் ஒரு ஆண்பூவைக் கிள்ளி, இதழைப் பின்னால மடக்கி, நடுவுல இருக்கிற மகரந்தத்தைப் பொண்ணுப்பூவோட நடுவுல மெதுவாத் தடவுங்க. தடவாம விட்டா அந்தக் குட்டிக்காய் மஞ்சளாகி விழுந்துரும். நீங்க அதை நோயின்னு நினைச்சு மருந்தடிப்பீங்க. பூசணின்னா விடியக்காலம், வெயில் ஏறுனா சுருங்கிரும். நீங்க எந்திரிக்கிற நேரத்தை மனசுல வச்சுத்தான் எம்மவ சுரை விதையை வாங்குனாளோ என்னமோ.

செம்பருத்தியில மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கேன்னு நீங்க தொடுத்த யுத்தத்தை இந்தத் தெருவே பேசுது. ஒண்ணு மட்டும் சொல்றேன், கோவிச்சுக்கிடாதீங்க. மத்ததை விடப் பெருசா, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல் நூலாத் தொங்க, விறுவிறுன்னு ஊர்ந்து போச்சுல்ல ஒண்ணு? 'இவன்தான் மாமா தலைவன்'னு செருப்பால நசுக்கினீங்களே, அது மாவுப்பூச்சியைத் தின்னுற பொறிவண்டோட புழு. எதிரி வேசம் போட்டுக்கிட்டு எதிரி பந்தியிலயே உக்கார்ற சாதி அது. மாவுப்பூச்சி மந்தமா ஒரே இடத்துல ஒட்டிக் கிடக்கும். ஓடுறதை விட்டுருங்க.

2008ல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு வெளிநாட்டுச் சரக்கு ஒண்ணு வந்து இறங்குச்சு. பப்பாளி, மரவள்ளி, பட்டுப்பூச்சிக்கு வளர்க்கிற மல்பெரின்னு எல்லாத்துக்கும் வெள்ளையடிச்சுருச்சு. அடிச்ச மருந்து எடுபடலை. கடைசியில 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து, கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு குளவியைக் கொண்டாந்து விட்டாங்க. அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வச்சுக் கதையை முடிச்சுது. அந்த நேரத்துல மருந்து டப்பாவோட நீங்க அங்க இல்லாமப் போனது குளவி செஞ்ச புண்ணியம்.

செடியில எறும்பு ஏறுதான்னு பாருங்க. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணிக்கு ஆசைப்பட்டு எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், தின்ன வர்றதை விரட்டும். எறும்பை மறிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. மிச்சத்தைத் தண்ணியைப் பீச்சி அடிச்சுத் தள்ளுங்க. ஆகா, உங்களுக்குப் பிடிச்ச வேலை. அதுக்கும் மசியலைன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தப்புறம்.

தோட்டத்தை விட்டு அடுப்படிக்கு வந்தா, நீங்க செய்யுற கேக்கைப் பத்தி எதுவும் சொல்லக்கூடாதுன்னு எம்மவ சத்தியம் வாங்கியிருக்கா. அதனால பொதுவாச் சொல்றேன். சோடாமாவும் தயிரும் தொட்ட நிமிசமே நுரை கிளம்பிரும். அந்த நுரைதான் கேக்கைத் தூக்கணும். கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துல வச்சு நாலு கோணத்துல படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள அது ஓய்ஞ்சுரும். மைதாவைப் போட்டப்புறம் அடிக்கவும் கூடாது, மாவு தெரியாம கலந்தாப் போதும். அடிச்சு இழுத்தா இழுவை வந்துரும். அது பரோட்டாவுக்குப் போடவேண்டிய அடி. உங்க கைப்பக்குவத்துக்கு பரோட்டாக் கடையில நல்ல சம்பளம் கிடைக்கும்.

அப்புறம் அந்த அடுப்புக் கதவு. 180 டிகிரி வச்சு, உப்பி வர்ற நேரம் பார்த்துத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கிறீங்க. சூடு இறங்குனா நடுவுல குழி விழாம என்ன செய்யும்? எங்களுக்குப் பக்கத்துல தூத்துக்குடி. மக்ரூனுக்குப் பேர்போன ஊரு. முட்டை வெள்ளையும் சர்க்கரையும் நட்டுக்க நிக்கிற மாதிரி அடிச்சு, முந்திரித் தூளைப் பதமாச் சேர்த்து, லேசான சூட்டுல வெகுநேரம் விட்டுருவாங்க. உள்ள போனதுக்கு அப்புறம் யாரும் போயி நலம் விசாரிக்க மாட்டாங்க. உங்க கேக்கையும் அப்படியே விட்டு, அரை மணி கழிச்சு ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்க, மாவு ஒட்டாம வந்தா இறக்குங்க. நீங்க இந்த அடுப்பு வாங்குறதுக்கு முன்னால எம்மவ குக்கர்லயே செஞ்சா. அடியில மணலு, கேஸ்கட்டையும் விசிலையும் கழட்டிட்டு, சின்னத் தீ. நல்லாத்தான் இருந்துச்சு. அடுப்போட விலையை நான் கேக்கவே இல்லை, பாருங்க.

மொட்டை மாடியில உக்காரன்னு நீங்க செஞ்சிருக்கிற ஏற்பாடு ராசா வீட்டுல கூட இருக்காது. பிளாஸ்டிக் புல்லு: ஆடு மேயாது, வெயில்ல காலு வைக்க முடியாது. நாற்காலிக்கு உறை போட்டிருக்கீங்க, உறைக்கு மேல தூசி உக்காந்திருக்கு. சரவிளக்குக்கு டைமர் இருக்கு. ஆளு இருக்கோ இல்லையோ ஏழு மணிக்கு எரிஞ்சு, பத்து மணிக்கு அணையும். மதியத்துக்கு மேல கடல் காத்து வர்ற கிழக்குப் பக்கமாப் பார்த்து மூங்கில் தட்டியைக் கட்டி அடைச்சுட்டு, மேக்கால ஒரு ஃபேனையும் மாட்டியிருக்கீங்க. கரண்டு பில்லு கட்டுறவர் நீங்க, நான் என்ன சொல்ல.

ஆனா தொட்டிக்கு அடியில வச்சிருக்கிற தட்டுகளை மட்டும் இப்பவே கவுத்துருங்க. தேங்குன தண்ணியில ஒரு வாரம் பத்து நாள்ல டெங்குக் கொசு பொறந்து பறந்துரும். வாரத்துக்கு ஒரு தரம் தட்டைத் தேய்ச்சும் கழுவணும், ஓரத்துல ஒட்டுன முட்டை காஞ்சாலும் சாகாது. உங்க தோட்டத்துல இந்தப் போகம் நல்ல மகசூல் கண்டது அந்தக் கொசு ஒண்ணுதான்.

தட்டியைச் சுருட்டி மேல கட்டுங்க. வெறுந்தளத்துல ரெண்டு வாளித் தண்ணி தெளிச்சு சூட்டை இறக்குங்க. செடிக்கு ஊத்துறதை இங்க ஊத்துங்க. நான் போயி கோரைப்பாயை எடுத்துட்டு வாரேன். போன் கீழயே கிடக்கட்டும். ஆபீசுல கூப்பிட்டா எம்மவ பதில் சொல்லிக்கிடுவா, மாப்பிள்ளை ஒரு கல்யாணத் தரகு விசயமா மாடிக்குப் போயிருக்காருன்னு.