கரந்தைத் திணை: நிலுவைச் சன்மானம் மீட்டல் குறித்த ஆய்வு

பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் இதை வெட்சிக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கியது. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் தன் சன்மானப் பாக்கியை மீட்பதும் கரந்தையே என்பது இவ்வாய்வின் துணிபு. ஒரே வேறுபாடு: மாடு மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். சன்மானம் மீட்கப் போனவருக்கு அப்படி எதுவும் இதுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை.

இத்துறை புதிதன்று. தர வேண்டியதைத் தாமதிக்கும் வள்ளலுக்கு நினைவூட்டிப் பாடுவதற்கென்றே 'பரிசில் கடாநிலை' என ஒரு துறை வகுத்திருக்கிறார்கள். துறையே வகுக்க வேண்டியிருந்தது என்றால் பாக்கிகள் எத்தனை இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. அதில் அவர் விளிப்பது அரசனை அன்று, வாயிலோனை. இக்கால உரையாசிரியர்கள் வாயிலோன் என்பதற்கு 'அக்கவுண்ட்ஸ் பிரிவு' என்று பொருள் கொள்வர்.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வேறு வழி போனார். இளவெளிமான் கொடுத்தது சிறிதென்று தள்ளிவிட்டு, குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டினார். போட்டிப் பத்திரிகையில் வந்த நம் அட்டைப்படக் கட்டுரையைப் பாக்கிக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புவது இதன் வழிவந்ததே. மனம் குளிரும், பணம் வராது.

இனிக் களத்தரவு. 'பில் பாஸ் ஆகணும் சார்', 'எம்.டி. டூர்ல இருக்கார்', 'மார்ச் முடியட்டுமே' ஆகியவை பரவலாக அறியப்பட்டவை, விரித்துரைக்கத் தேவையில்லை. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது 'உங்களுக்கு வெண்டர் கோடு இன்னும் போடலையே' என்பதை. கட்டுரை அச்சாகி, வாசகர் கடிதம் வந்து, இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போய், வடை மடித்துக் கொடுத்தும் முடிந்த பிறகே இது கண்டுபிடிக்கப்படும். பான் அட்டை நகலும் கேன்சல் செய்த காசோலையும் அனுப்புவீர்கள். வங்கி இணைப்பில் ஐ.எஃப்.எஸ்.சி. மாறிவிட்டதே, புதுக் காசோலை அனுப்புங்கள் என்பார்கள். இதற்கிடையே சில நிறுவனங்கள் உங்கள் பெயரில் 10 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்டிவிடுவதுண்டு. அரசின் பங்கு போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் பங்கு மட்டும் 'பிராசஸ்'ல் இருக்கும். உடனே உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரி அறிக்கையை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பில்லை அவர்கள் கணக்கில் ஏற்றிவிட்டதற்கு அது நல்ல சான்று.

ஆயுதப் படலத்துக்கு வருவோம். காலவரையறைச் சட்டம், 1963இன்படி பாக்கிக்கு வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம். அதற்குள் 'தர வேண்டியிருக்கிறது' என்று கையொப்பமிட்ட கடிதம் வாங்கிவிட்டால், அந்த நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே 'கொஞ்சம் பொறுங்க' என்று தொலைபேசியில் கேட்பது வீண். அதையே எழுத்தில் கேளுங்கள்.

கூரான ஆயுதம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். எழுதித் தருவதும் சேவைதான். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. இணையத்தில் புகார் பதிந்தால் அது இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். சங்கப் புலவருக்கு இந்த வாய்ப்பு இல்லை; கடையெழு வள்ளல்களுக்கு அது நல்லதாகவே போயிற்று.

இந்த இரண்டாவது ஆயுதத்துக்கு 'உத்யம்' என்னும் சிறுதொழில் பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது, ஆதாரும் பானும் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். வேலை முடிந்தபின் பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு இச்சட்டத்தைக் காட்ட முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே எழுத்தாளப் பெருமக்களே, அடுத்த கட்டுரைக்கு 'சரி சார்' என்று சொல்வதற்கு முன் பதிவை முடித்து, அந்த எண்ணைப் பில்லின் தலையிலேயே போட்டு அனுப்புங்கள்.