ஏகமனதாக நிறைவேறியது

2023 காந்தி ஜெயந்தி அன்று எங்கள் ஊர் கிராம சபையில் ஐந்து பேர் பேசினார்கள். இருநூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு பாட்டி கேள்வி கேட்டார். அந்தப் பாட்டிக்கு இன்னும் யாரும் தகவல் தொடர்புப் பயிற்சி கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சர்க்கார் பயிற்சி கொடுக்காமல் இல்லை. தலைமைப் பண்பு, தகவல் தொடர்புத் திறன் என்று ஊராட்சித் தலைவர்களுக்கு அவ்வப்போது வகுப்பு நடக்கும். ஒரு ஃபைல், ஒரு பேனா, பதினோரு மணிக்கு டீ பிஸ்கட், மத்தியானம் சாப்பாடு. எங்கள் தலைவரும் போய் வந்தார். போய் வந்தார் என்றால், அந்த அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் வாசலில் புல்லட்டில் சாய்ந்தபடி போனில் ஊராட்சியை நடத்திக்கொண்டிருந்தார். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், குறுக்கிடாமல் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், கூட்டத்தில் எல்லாரையும் பேசவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். நல்ல விஷயம்தான். எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரரின் கண்ணைப் பார்க்கலாம் என்பது மட்டும் அந்தக் கையேட்டில் இல்லை.

அது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் ஜமுக்காளம், அதற்கும் பின்னால் மண். 'இங்கே உட்காருங்கள்' என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு வந்து அவரவர் இடத்தில் பிசகாமல் உட்கார்ந்தார்கள். ஒரு சொல் செலவில்லாமல் ஒரு ஊரையே உட்காரவைக்கிற இந்தத் திறனை வெளிநாட்டில் கட்டணம் வாங்கிச் சொல்லித்தரலாம்.

முதலில் பேசியவர் உத்திரமேரூரில் ஆரம்பித்தார். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்திலேயே, குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். கைதட்டல். அதே கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தபந்தங்களும் குடவோலைக்கு நிற்கவே கூடாது என்கிறது. அந்த வரியை மைக்கில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. கால் வேலி நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது என்பதையும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முன்வரிசையைப் பார்த்தாலே விளங்கும்.

அடுத்து ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருள் வாசித்தார். சென்னையில் தட்டச்சாகி, மாவட்டம், ஒன்றியம் வழியாக இறங்கி வந்த பட்டியல். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, நூறு நாள் வேலை, குடிநீர்ச் சிக்கனம். தலை நிமிராமல், மூச்சு விடாமல், சகஸ்ரநாமம் சொல்கிற வேகத்தில் வாசித்தார். ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் கைக்கடிகாரத்தின் மேல் பற்றாக இருந்தார். எங்கள் அளவுள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. அதற்காகத்தான் நூறு நாள் வேலைப் பெண்களைக் காலையிலேயே வரச்சொல்லியிருந்தார்கள். வேலை நடக்கும் இடத்தில் வெயில், இங்கே வேப்பமர நிழல். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வருகைப் பதிவேடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. தீர்மானப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்தில் தீர்மானங்கள் எழுதி முடிந்திருந்தன. 'மேற்படி பொருள் விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.' விவாதம் முந்தின ராத்திரியே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பாட்டி எழுந்தார். மண்ணில் உட்கார்ந்திருந்தவர்.

"தண்ணி வந்து ஒம்போது நாளாச்சு. எப்ப வரும்?"

செயலர் பற்றாளரைப் பார்த்தார். பற்றாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். பயிற்சியில் சொன்ன கண் தொடர்பு இதுதானோ என்னவோ. வீட்டுக்காரர் மைக்கை வாங்கினார். எந்தப் பதவியும் இல்லாதவர் கைக்கு மைக் எப்படிப் போகிறது என்று கேட்காதீர்கள். தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி அதுவாகவே போகும். "ஆத்தா, அது இன்னைக்குப் பொருள்ல இல்ல. எழுதிக் குடு, பரிசீலிப்போம்." எழுத்தே தெரியாத கிழவியிடம் எழுதிக் கேட்டது நிர்வாகம். பிறகு குடிநீர்ச் சிக்கனத் தீர்மானம் நிறைவேறியது. ஒன்பது நாளாக ஒரு சொட்டு வராத தெரு, தண்ணீரை வீணாக்குவதில்லை என்று ஏகமனதாக உறுதி எடுத்துக்கொண்டது.

கூட்டம் கலைந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தலைவர் பாட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். "மோட்டார் எரிஞ்சுபோச்சு பெரியாத்தா. காயில் கட்டக் குடுத்திருக்கு. வெள்ளிக்கிழம வந்துரும்." பத்து விநாடிகூட ஆகியிருக்காது. மைக் இல்லை, ஃபைல் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. இந்த அம்மாவுக்கா தகவல் தொடர்புத் திறன் போதவில்லை? மோட்டாருக்கு என்ன ஆயிற்று, யாரிடம் கொடுத்திருக்கிறது, எந்தக் கிழமை வரும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சபையில் வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தினோம். நாற்காலியைத்தான் கொடுத்தோம். மைக் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

நாற்காலியாவது கொடுத்தோமா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில், ஊராட்சித் தலைவர், பட்டியல் சாதிப் பெண், தரையில். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பெரிதான பிறகு மாவட்ட நிர்வாகம் வந்து நின்று அவரை ஏற்ற வைத்தது. அவருக்கு மட்டும் சுதந்திரம் சில நாள் தாமதம். இப்படி ஏதாவது நடந்தால் உடனே யாராவது ஒருவர் 'சின்னப் புரிதல் குறைபாடு' என்று ஆரம்பிப்பார். என்ன குறைபாடு ஐயா? யார் கீழே உட்கார வேண்டும் என்பதில் அங்கே எவருக்கும் துளி சந்தேகம் இருக்கவில்லையே!

மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிபட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் 1996-ல் தனித்தொகுதி ஆயின. பத்து வருஷம் அங்கே ஒருவர் தலைவராக உட்கார முடியவில்லை. வேட்புமனு வராது, மீறி ஒருவர் நின்று ஜெயித்தால் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006 வரை இப்படியே. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் ராஜினாமா செய்யவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடனிருந்த ஐந்து பேரையும் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். இந்த இடத்தில் எனக்கு நக்கல் வரவில்லை. ஒரு சிறு ஊரில் தலைமை என்றால் என்ன என்று வகுப்பெடுக்க வருபவர்கள், கையேட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியை அச்சடித்துவிட்டுப் பிறகு கண் தொடர்பு பற்றிப் பேசட்டும்.

2022-ல் கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக்கினார்கள். வாயைத் திறக்க விடாத கூட்டம் இன்னும் இரண்டு கூடியது. எங்கள் தலைவர் கதையும் ரொம்ப நாள் ஓடவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலை நடத்தாமல் தனி அலுவலரைக் கொண்டுவந்தார்கள். 2016-லிருந்து 2019 வரையும் அப்படித்தான் ஓட்டினார்கள். தனி அலுவலரிடம் ஒரு வசதி உண்டு. கூட்டம் முடிந்ததும் ஒதுங்கி வந்து 'வெள்ளிக்கிழம வந்துரும் பெரியாத்தா' என்று சொல்ல மாட்டார்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர்த் தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். எதற்கெல்லாம் நீங்கள் ஏகமனதாகச் சம்மதித்திருக்கிறீர்கள் என்று அதில் இருக்கும்.