ஓய்வுநோய்: பழைய தோட்ட டிராக்டரின் கார்புரேட்டர் குறித்து ஓர் ஆராய்ச்சி

இயந்திரம் உழைத்துத் தேயும், தேய்ந்து கெடும் என்பது உலக வழக்கு. கார்புரேட்டருக்கு இது பொருந்தாது என்பதும், அது சும்மா இருந்தே கெடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்க வீடுகளில் புல்வெட்டும் பழைய தோட்ட டிராக்டர். 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஏழு குதிரைத்திறன் கோலர் எஞ்சினோடு விற்பனைக்குக் கொண்டுவந்த கப் கேடட்டும், 1963-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஹோரிக்கானில் பிறந்த ஜான் டீர் 110-உம் இக்குலத்தின் மூத்தோர். இந்த ஆராய்ச்சிக்கு இவற்றைவிடத் தோதான வண்டி கிடைக்காது. கோடையில் வாரத்துக்கு ஒரு முறை புல் வெட்டும். அக்டோபர் முடிந்தால் கொட்டகைக்குள் போய்ப் படுக்கும். ஏப்ரலில் எழுப்பினால் இருமும், அல்லது எழவே எழாது. ஆயுளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்த ஒன்றுக்கு நோய் கண்டால், அது விழித்திருந்த கொஞ்ச நேரத்தின் மேல் பழிபோடுவது எந்த நியாயம்?

கருவியின் இயல்பை அறியாமல் நோயை அறிய முடியாது. பாயும் திரவத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று 1738-இல் எழுதினார் டேனியல் பெர்னூலி. கழுத்துச் சிறுத்த குழாயில் இதைச் சோதித்து 1797-இல் நூல் வெளியிட்டார் இத்தாலியர் வென்டூரி. இருவரும் புல்வெளியை மனத்தில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை. ஆயினும் பிஸ்டன் இழுக்கும் காற்று கார்புரேட்டரின் கழுத்தில் விரைந்து, அங்கே அழுத்தம் குறைந்து, கீழே பவுலில் நிற்கும் பெட்ரோல் ஜெட் வழியே மேலேறித் தூவலாகக் கலப்பது அவர்கள் சொன்னபடிதான். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. பவுலில் மட்டம் காப்பது ஒரு மிதவை. அது எழும்பினால் ஊசி போய் வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் நடப்பதும் இதுவே. இந்த எஞ்சின்களைச் செய்த கோலர் நிறுவனம் கழிப்பறைச் சாமான்களுக்கும் பேர்போனது என்பதை ஆராய்ச்சியாளர் கவனிக்காமல் விடலாகாது.

இந்த அமைப்பில் தேய்வதற்கு என்ன இருக்கிறது? ஓடும்போது ஜெட்டைக் கழுவிக்கொண்டே போகிறது புதுப் பெட்ரோல். ஓட்டம் நின்ற பிறகுதான் கேடு தொடங்குகிறது. பவுலில் தங்கிய பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிவிட, மிச்சம் காற்றோடு கூடிப் பிசினாகி, வார்னிஷ் பூசியதுபோல் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். முதலில் அடைபடுவது ஐடில் பாதையின் நுண்துளைகள். பிறகு எஞ்சின் சோக்கைப் பாதி இழுத்தால்தான் ஓடும். விட்டால் வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் தளர, வேகம் காக்கும் கவர்னர் த்ராட்டிலைத் திறக்க, வேகம் மிஞ்ச, அதுவே மறுபடி மூட, இந்த இழுபறிக்கு முடிவே இல்லை. சோக் காற்றைக் குறைத்துக் கழுத்தில் உறிஞ்சலைக் கூட்டுவதால் குறை தற்காலிகமாக மறைகிறது. சோக்கோடு நன்றாக ஓடும் எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லிவிட்டது. அதன் பிறகும் பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பவரை என்னவென்பது!

அற்றேல், குற்றம் ஓய்வினது அன்று, பெட்ரோலில் கலந்த எத்தனாலினது என்பாரும் உளர். பத்து சதவீத எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஜெட் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாயை அது ஊறவைத்துக் கெடுப்பதும் உண்மை. ஆனால் ஈரம் இழுக்க நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுத்தது யார்? த்ராட்டில் தண்டு தன் துளையில் ஆடி ஆடித் தேய்ந்து, இடுக்கு வழியே காற்று அடிக்கிறதே, அது உழைப்பின் விளைவல்லவா என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் தண்டு தேய்ந்த எஞ்சின் ஐடிலில் தடுமாறும், முனகும். ஏப்ரல் மாதத்தில் அடியோடு மறுப்பது அதன் வேலை அன்று. இனி, கார்புரேட்டர் நோய்களில் பாதிக்கு மேல் இக்னிஷன் நோய் என்று அனுபவசாலி மெக்கானிக்குகள் சொல்வது பெரிதும் மெய். ஸ்பார்க் இல்லாத எஞ்சினுக்கு எவ்வளவு சுத்தமான ஜெட்டும் உதவாது. கோலரில் இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. அதைப் பார்த்த பிறகே கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பாயிண்ட்டின் முகத்தில் ஆக்சைடு படர்வது எப்போது? சும்மா கிடக்கும்போதே. பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத்துளையைத் தூசி அடைப்பதும் அப்போதுதான். இருபது நிமிடம் ஓடி நின்று, மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடும் டிராக்டரில் கார்புரேட்டர் முற்றிலும் நிரபராதி. எதிர்வாதி கொண்டுவந்த சாட்சிகளில் பலரும் நம் பக்கம் பேசுகிறார்கள்.

சிகிச்சையும் இதையே காட்டுகிறது. பவுலைக் கழற்றி, ஊறவைத்து, காற்றடித்து, துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். எஃகுக் கம்பியை விட்டுக் குடைந்தால் பித்தளை விரிந்து, அடைப்பு போய் ஓட்டை வந்துவிடும். கலவையைச் சரிசெய்யும் மெயின் ஊசியை மெல்லத் திருகி அடிவரை உட்காரவைத்து, இரண்டு அல்லது இரண்டரைச் சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலை. இறுக்கித் திருகினால் ஊசியின் கூர்முனையில் வரிப்பள்ளம் விழும். அதன்பின் எத்தனை சுற்று என்பதற்குப் பொருளே இல்லை. எஞ்சின் சூடேறியதும் வேகம் குறையும்வரை உள்ளே, மறுபடி குறையும்வரை வெளியே, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துக. இத்தனை எதற்கு, மலிவாகப் புதிது வாங்கி மாட்டலாமே எனின், மாட்டலாம். அதுவும் அக்டோபரில் அதே கொட்டகைக்குள்தான் போகும்.

கொட்டகைக்குள் விடும் முன் பெட்ரோல் குழாயை மூடி, பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, வறண்ட பவுலோடு நிறுத்துவது நல்ல பழக்கம். ஆனால் பல மாதம் வறண்டால் கேஸ்கட் சுருங்கும். ஓய்வின் இந்த இரு வகையிலும் கேடு இருப்பதால், மாதம் ஒருமுறை சூடேற ஓட்டுவதே கொள்கைக்கு உகந்தது. ஜனவரியில் வெட்டுவதற்குப் புல் ஏது என்று வீட்டார் கேட்பர். அதற்காகத்தான் முன்புறம் மாட்டும் பனி தள்ளும் தகட்டையும் செய்துவைத்தார்கள். சொந்த வாசலின் பனி போதாத ஆண்டில் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிக்கொடுக்கலாம். அவர்கள் அதை நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்வதில் கார்புரேட்டருக்கு ஆட்சேபம் இல்லை.