கோப்பிக்குள்ளே காளான்

போன மழைக்காலத்தில் எங்கள் பூனாகலைத் தோட்டத்து லயத்துக்கு டை கட்டிய ஒருவர் வந்தார். பையிலிருந்து எடுத்தது கானோடெர்மா காளான் சாறு கலந்த கோப்பிப்பொடி. குடித்தால் சீனி, பிரஷர், மூட்டுவலி எல்லாம் ஓடிவிடுமாம். கூடவே நாலு பேரைச் சேர்த்துவிட்டால் வறுமையும் ஓடிவிடுமாம்.

மாமா பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கோப்பியத் தின்னு ஏப்பம் விட்டதே இந்தச் சாதிதானே?"

மாமா சொன்னது 1869 கதை. பதுளைக்கு அந்தப் பக்கம் மடுல்சீமையில் கோப்பி இலைக்கடியில் செம்மஞ்சள் தூள். கங்காணி இல்லாமல், முன்பணம் வாங்காமல், மன்னாரிலிருந்து நடக்காமல் காற்றில் வந்து இறங்கிய பூஞ்சணம். காளானுக்குத் தூரத்துப் பங்காளி. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் இலையைச் சீமைக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியார் அதற்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று ஞானஸ்நானம் கொடுத்தார். பின்பாதிக்கு 'பாழாக்குகிறவள்' என்று அர்த்தம். பெயர் பிரமாதம். மருந்துதான் இல்லை. கந்தகம் தூவினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள். அவள் பவுடர் பூசிக்கொண்டு அடுத்த மலைக்குப் போனாள். 1880இல் நோயை ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதன் சாரம்: மலை மலையாக ஒரே பயிரை நட்டுப் பந்தி விரித்தது நீங்கள், விருந்தாளியைக் குறை சொன்னால் எப்படி?

1884இல் கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கவிழ்ந்தது. செத்த கோப்பி மரங்களைச் சீவி, தேநீர் மேசைக்குக் காலாக இங்கிலாந்துக்கு ஏற்றினார்களாம். துரைமாரின் சிக்கனமே சிக்கனம்! 1867லேயே லூல்கந்துரையில் 19 ஏக்கர் தேயிலை போட்டிருந்த ஜேம்ஸ் டெய்லர் திடீரென்று தீர்க்கதரிசி ஆனார்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் முடிந்தால் கடல் தாண்டி ஊருக்குத் திரும்பலாம். தேயிலையோ வருஷம் முழுக்கத் துளிர்க்கும். பாட்டன் லயத்திலேயே தங்கிவிட்டார்.

ஊரிலிருந்த சொந்தங்களும் தப்பவில்லை. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்த் தென்னைகளின் அடியை அழுகவைத்த வாடல் நோய் இருக்கிறதே, அதைக் கொண்டுவந்த காளானின் பெயரே கானோடெர்மா. பக்கெட்டில் இருந்த அதே குடும்பம்.

"சீனாவில் இது சாகா மூலிகை" என்றார் டைக்காரர். இதைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த 5 சோதனைகளை 2012இல் காக்ரேன் ஆய்வாளர்கள் அலசி, முதல் சிகிச்சையாகக் கொடுக்க ஆதாரம் போதாது என்றதை நான் எடுத்துவிட்டேன். அவருக்கு அது காதில் விழவில்லை. குனிந்து காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் இரண்டு அட்டை.

"இதுக்கு ஏதும் மருந்து இருக்காங்க ஐயா?"

மாமா உள்ளே போய்ச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தார்.