ஏனம் விளக்கியல்: கரிசல் வீட்டுக்கேற்ற பாத்திரம் கழுவும் இயந்திரம் குறித்த ஆராய்ச்சி

பாயிரம்

மாடு வாங்கப் போகிறவன் சுழி பார்ப்பான், பல்லைப் பிடித்துப் பார்ப்பான், வாலைத் தூக்கியும் பார்ப்பான். கிணறு வெட்டப் போகிறவன் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து, அவர் உள்ளங்கையில் கிடக்கும் தேங்காய் எழுந்து நிற்கும்வரை காட்டில் பின்னாலேயே நடப்பான். பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கப் போகிறவன் மட்டும் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறான். இயந்திரத்துக்குச் சுழி சாஸ்திரம் இல்லாத இக்குறையைப் போக்கவே இந்நூல் செய்யப்படுகிறது.

ஆய்வுப் புலம்: வடக்கே சாத்தூர், தெற்கே கயத்தாறு, கிழக்கே எட்டயபுரம், மேற்கே கழுகுமலை, நடுவில் கோவில்பட்டி. ஆற்றங்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று பாத்திரம் விளக்கும் பாக்கியசாலிகளுக்கு இதன் முடிவுகள் பொருந்தா. அவர்கள் எதையும் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம்.

இத்துறையில் முன்னோர் நமக்கு உதவவில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார்; நம் இயந்திரத்தை அதில் தேடுவது வீண்வேலை. 2019ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயையே நாயகனாக வைத்துப் பேசுகிறது. தண்ணீர் அங்கே நிறைய உண்டு, இயந்திரம் கிடையாது. ஆக, துறை தரிசாகக் கிடக்கிறது. கலப்பையை இறக்குவோம்.

தோற்றுவாய்

இயந்திரம் பிறந்தது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் என்னும் சிற்றூரில். ஜோசபின் காக்ரேன் என்ற அம்மையார் வீட்டில் அடிக்கடி விருந்து நடக்கும். விருந்து முடிந்தால் வேலைக்காரர்கள் அவருடைய பரம்பரைப் பீங்கான் தட்டுகளின் விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து வைப்பார்கள். 1883இல் கணவர் கடனை விட்டுவிட்டுக் காலமானார். அம்மையார் கொல்லைக் கொட்டகையில் ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கம்பிக்கூடையில் தட்டுகளை அடுக்கி அவற்றின்மீது சுடுதண்ணீரைப் பீய்ச்சும் பொறியைச் செய்து முடித்தார். 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பொறி மேடை ஏறியது.

ஆய்வாளர் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழுவிக் கழுவிக் கை தேய்ந்தவர் கண்டுபிடித்த கருவி அல்ல இது. பிறர் கழுவுவதைப் பார்த்துச் சலித்தவர் கண்டுபிடித்தது. இத்துறையில் இன்றுவரை அபிப்பிராயம் சொல்கிறவர்களும் பெரும்பாலும் அந்த மரபினரே.

ஓட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. பொறி கேட்ட அளவு சுடுதண்ணீர் அக்காலத்து வீடுகளில் இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். பிறந்த மண்ணிலேயே அது முதலில் தண்ணீரிடம்தான் தோற்றது. நம் ஊருக்கு வருவதற்கான முதல் தகுதியை அன்றே பெற்றுவிட்டது.

இந்தியாவில் 2020 ஊரடங்கின்போது வேலைக்கு ஆள் வராமல் போனதும் நகரத்து வீடுகளில் இதற்குத் திடீர்க் கிராக்கி வந்தது. அதற்குமேல் வரலாறு தேவையில்லை.

நீரியல்

நீர் இருவகைப்படும்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்பது சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணி. அது வருகிற அன்றைக்குத்தான் வரும். வந்துவிட்டால் வீட்டிலுள்ள குடம், தவலை, வாளி, சருவம், தூக்குவாளி ஈறாக எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கும். உப்புத் தண்ணீர் என்பது போர்த் தண்ணீர். சுவிட்சைத் தட்டினால் மொட்டைமாடி சின்டெக்ஸுக்கு ஏறும். குளிக்க, துவைக்க, புழங்க அது.

இனி, இயந்திரத்தின் குழாயை எதில் இணைப்பது? அது தானாக இழுத்துக் குடிக்கிற சாதி; ஓடுகிற குழாய் வேண்டும். ஓடுகிற குழாய் சின்டெக்ஸிலிருந்து வருகிறது. எனவே நல்ல தண்ணீர் அடுப்படி மூலையில் குடத்துக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய இயந்திரம் போர்த் தண்ணீரைக் குடிக்கிறது. கடைகளில் காட்டப்படும் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு கட்டம் கிடையாது. எத்தனை கூடை, எத்தனை புரோகிராம், உள்ளே விளக்கு எரியுமா என்றெல்லாம் கட்டங்கள் உண்டு.

கம்பெனிக்காரர்கள் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள்: உப்பு. இயந்திரத்தின் அடிவயிற்றில் ஓர் உப்புப் பெட்டி இருக்கும். தண்ணீரைக் கடினமாக்குகிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உள்ளேயிருக்கும் பிசின் மணிகள் பிடித்துக்கொண்டு, தங்களிடமுள்ள சோடியத்தைப் பதிலுக்கு விடும். மணிகள் களைத்துப்போனால் உப்புக் கரைசல் பாய்ந்து அவற்றைத் தேற்றிவிடும். இவ்வாறு உப்புத் தண்ணீரைத் திருத்த உப்பு போடவேண்டும் என்று சொன்னால், கரிசல் காட்டுச் சம்சாரி சொல்கிறவனை ஏற இறங்கப் பார்ப்பார். அவர் பார்வையிலும் நியாயம் இருக்கிறது. மணிகள் கடினத்தைத்தான் போக்கும், உவர்ப்பைப் போக்காது. உவர்நீர் உள்ளே போனால் உவர்நீரே வெளியே வரும். காய்ந்ததும் எவர்சில்வர் தட்டில் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் படலம் நிற்கும். கடைசி அலசலுக்கென்று விற்கும் திரவம் தண்ணீர் சொட்டாகத் தங்காமல் வழிந்தோட உதவும். படலம் குறையும், அவ்வளவுதான்.

இந்த உப்புப் பெட்டிக்குள் என்ன உப்பு போடலாம் என்பது தனி ஆய்வுக்குரிய சோகம். நம் மாவட்டத் தலைநகர் தூத்துக்குடியில் உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. அதை அள்ளிப் போடக் கூடாது. அளத்து உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் கலந்திருக்கும், மணிகள் கெடும். பாக்கெட் உப்பும் ஆகாது. கட்டி பிடிக்காமலிருக்க அதில் எதையோ சேர்த்திருப்பார்கள். இயந்திரத்துக்கென்று தனியாகப் பெட்டியில் அடைத்து விற்கும் சுத்த உப்புதான் வேண்டும். உப்பளத்துக்கு அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு உப்பைக் கூரியரில் வரவழைக்கும் சிறப்பு இந்த இயந்திரத்தால் நமக்குக் கிட்டும்.

அடுத்து அழுத்தம். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை நீரழுத்தம் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார். கீழ்த்தளம் மட்டுமுள்ள வீட்டில் தளம் மூன்று மீட்டர். மேலே சின்டெக்ஸில் தண்ணீர் ஒரு மீட்டர். அடுப்படிக் குழாய் தரையிலிருந்து அரை மீட்டர். கழித்துப் பார்த்தால் மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். தொட்டி நிறைந்திருந்தால் இயந்திரம் ஓடும். மதியத்துக்குமேல் தொட்டி பாதியானால் முனகும். வாங்கப் போகிறவர் பையில் பணம் எடுத்துப் போவதற்கு முன் கையில் டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறவேண்டும். சித்திரை வெயிலில் ஏறினால் இன்னொரு உண்மையும் கிடைக்கும்: தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஹீட்டர் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கைச் சூரியன் முன்பணமாகச் செய்து வைத்திருக்கிறது.

அளவு பற்றிய சர்ச்சைக்கு வருவோம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரெய்னர் ஸ்டாமிங்கர் குழுவினர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பல ஐரோப்பிய நாட்டினரை அழைத்து 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்து, உங்கள் வழக்கப்படி கழுவுங்கள் என்றார்கள். சராசரி 103 லிட்டர் செலவாயிற்று. ஜெர்மானியர் 46 லிட்டரில் முடித்தார்கள். ஸ்பெயின், போர்த்துக்கல் காரர்களுக்கு 170 லிட்டர் வேண்டியிருந்தது. இயந்திரமோ 15 லிட்டர் அளவில் வேலையை முடித்தது. இப்போதுள்ளவை பத்து லிட்டருக்கே முடிக்கின்றன. கையைவிட இயந்திரமே சிக்கனம் என்று உலகெங்கும் சொல்லப்படுவதற்கு இதுபோன்ற சோதனைகளே ஆதாரம்.

நம் அலகில் சொன்னால், குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்து, ஐரோப்பியச் சராசரி ஏழு குடம். ஸ்பெயின் பதினோரு குடத்துக்கும் மேலே. பதினோரு குடத்தில் எங்கள் பக்கம் ஒரு கிடாவெட்டையே நடத்திவிடுவார்கள். அந்தச் சோதனையின் பெரும்பிழை, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியைக்கூட அழைக்காததே. ஆச்சியின் முறை இது: எச்சிலை வழித்து மாட்டுத் தொட்டியில் போடுவது, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, தண்ணீர் தெளித்த கையாலேயே எல்லாவற்றையும் தேய்த்து வைப்பது, ஒரு சருவத்துத் தண்ணீரில் முதல் அலசு, இன்னொன்றில் மறு அலசு. மறு அலசின் தண்ணீரே அடுத்த வேளைக்கு முதல் அலசாகும். கடைசியில் அது முருங்கை மூட்டில் விழும். சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றுகிறது என்பது வேதியியல். ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரோ சலவைக் காரமும் உப்பும் கலந்தது. மாடு குடிக்காது; முருங்கையும் நாளடைவில் முகம் சுளிக்கும்.

ஏனவியல்

இயந்திரங்களைச் சோதிக்கச் சர்வதேச நெறிமுறை ஒன்று உண்டு. தட்டுகளில் பால், தேநீர், கொத்திறைச்சி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, கீரை, மார்கரின் ஆகியவற்றைப் பூசி, காய்ந்து இறுகவிட்டு, பிறகு கழுவச் சொல்வார்கள். படித்தபோது இவ்வாய்வாளருக்கு மனம் நிறைந்தது. ஓட்ஸ் இருக்குமிடத்தில் கம்பையும், மார்கரின் இருக்குமிடத்தில் நல்லெண்ணெயையும் வைத்தால் அது நம் மத்தியானச் சாப்பாடு. அப்படியே காய்ந்து இறுகவிடுவது, கூடுதல் முயற்சி ஏதுமில்லாமல் நம் வீடுகளில் நடப்பது.

கம்மங்கஞ்சியும் கேப்பைக் களியும் காய்ந்தால் காரை. ஆனாலும் மாவுச்சத்தை அறுக்கும் நொதிகள் இயந்திரச் சலவைப் பொடியில் இருப்பதால் களியை அது சமாளித்துவிடும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலைமிட்டாயின் பாகு ஒட்டிய சட்டி இன்னும் சுலபம். வெல்லம் சுடுதண்ணீரில் தானே இளகி ஓடும். மஞ்சள் மட்டும் அடங்காது. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை எத்தனை தடவை சுழற்றினாலும் போகாது. வெயிலில் கவிழ்த்து வைத்தால் வெளுத்துவிடும். வெயில் நம்மிடம் இலவசம்.

அழுக்கில் சிக்கல் இல்லை. சிக்கல் பாத்திரத்தில். இயந்திரத்தின் கொள்ளளவைப் பன்னிரண்டு பேர், பதினான்கு பேர் என்று தட்டு, கோப்பை, கரண்டிக் கணக்கில் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டால் தட்டு பன்னிரண்டு. கூடவே ஒரு சோற்றுப்பானை, குழம்புச் சட்டி, இட்லிக் கொப்பரை, குக்கர், உறவுக்காரர் யாரோ சீராகக் கொடுத்த அண்டா. அண்டா உள்ளே போனால் மற்றவை வெளியே. மற்றவை உள்ளே போனால் அண்டா வெளியே.

போகிற அளவில் இருப்பவையும் எல்லாம் போகக் கூடாது. வெங்கலக் கும்பா கருக்கும். அதற்குப் புளிதான் மருந்து, புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். அலுமினியச் சட்டி காரம் பட்டு மங்கிக் கருக்கும். இரும்புத் தோசைக்கல் வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்துப் பழகிய மேனியை ஒரே சுழற்சியில் இழந்து, மறுநாள் துரு பூத்து நிற்கும். மண்சட்டி சலவைக் காரத்தைக் குடித்துவைத்து மீன்குழம்பில் திருப்பித் தரும். மர அகப்பை வெடிக்கும். மிஞ்சுவது எவர்சில்வர் ஒன்றே. அதாவது, கல்யாணத்துக்குச் சீராக வந்து, பெயர் வெட்டி, பரணில் ஏறி, இன்னும் இறங்காத பாத்திரங்களே இந்த இயந்திரத்துக்கு ஏற்றவை.

ஆளியல்

இதுகாறும் வந்த வாதங்கள் ஆச்சிக்குச் சாதகமாக முடிவது போலத் தோன்றும். ஆனால் ஆச்சியின் மகளோ பேத்தியோ தீப்பெட்டி ஆபீசில் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து சமைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில் ஏனத்தோடு குத்தவைத்து உட்காருகிறாள். தண்ணீர்ச் சிக்கனத்தைப் புகழ்கிற கட்டுரைகள் அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் குடத்தாலும் அளப்பதில்லை. இயந்திரம் சிக்கன முறையில் ஓட மூன்று மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டும், அது குத்தவைத்து உட்காரப் போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வெள்ளைப் படலத்தையும் கூரியர் உப்பையும் இவ்வாய்வாளர் மன்னிக்கத் தயார்.

மரபுக் கருவிகளில் ஒன்று இன்னும் முறையாகச் சோதிக்கப்படவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். பெரும்பாலான வீடுகளில் முன்வாசல் திண்ணையிலோ நாற்காலியிலோ இது காணப்படும். தனி மின் இணைப்பு வேண்டாம், நீரழுத்தம் வேண்டாம், உப்பு சாப்பாட்டில் போட்டால் போதும். ஆனால் இயக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

துணிபு

கடையில் கண்ணைப் பறிக்கும் பெரிய இயந்திரம் நமக்கு ஏற்றதல்ல. அதன் வாய் போர்த் தண்ணீரோடு கட்டப்பட்டது. மேசை மேல் வைக்கும் சிறுவகைகள் சிலவற்றில், குழாயே இல்லாமல் மேலே மூடியைத் திறந்து கையால் நாலைந்து லிட்டர் ஊற்றி ஓட்டும் வசதி உண்டு. குடத்திலிருந்து செம்பால் மொண்டு தாமிரபரணியையே ஊற்றலாம். சின்டெக்ஸ் உயரம், பார் கணக்கு எதுவும் வேண்டாம். தண்ணீர் மென்மையாக இருப்பதால் உப்புத் தொல்லையும் பெரும்பாலும் விலகும். நாலு பேருடைய தட்டும் டம்ளரும் கரண்டியும் கொள்ளும். வாங்குமுன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பார்ப்பது அவசியம்; விளிம்பு இடித்துச் சுழலும் கையைத் தடுத்தால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

அண்டா, கும்பா, தோசைக்கல், இட்லிக் கொப்பரை ஆகியவை இந்த ஆய்வின் எல்லைக்குள் அடங்கா. அவற்றை வழக்கம்போல் முற்றத்தில் போடவும். அவற்றை யார் விளக்குவது என்ற வினா எழுந்தபோது ஆய்வாளர் எட்டயபுரம் ரோட்டில் டீ குடிக்கப் போயிருந்தார்.