கரண்ட் மந்திரியின் டிரையர்

கண்டியில் ஒக்டோபர் பிறந்துவிட்டால் பின்னேர மழைக்கு லீவே கிடையாது. காலையில் ஹந்தானைப் பக்கம் வெயிலைக் கண்டு உடுப்பைக் கொடியில் போட்டவர்கள், பின்னேரம் அதை இன்னொரு முறை பிழிந்துதான் உள்ளே எடுப்பார்கள். தாங்க முடியாமல் ஒரு டிரையர் வாங்கினோம். வாங்கிய கையோடு, வீட்டின் கரண்ட் மந்திரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். யூனிட் ஒரு படி ஏறினால் அதன் விலையும் ஒரு படி ஏறுகிற நாட்டில் யாராவது பொறுப்பெடுக்க வேண்டாமா?

முதல் சட்டம்: மெசின் நிறையாமல் சுவிட்சைத் தொடக்கூடாது. பெட்ஷீட், துவாய், டெனிம் எல்லாவற்றையும் முழங்காலால் அமுக்கித்தான் கதவைப் பூட்டுவேன்.

மனுசி சண்டை பிடிக்கவில்லை. தன் அப்பாவைக் கூப்பிட்டாள். மாமா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருந்தவர். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை மெல்லிசாகப் பரப்பிக் காற்று விட வேண்டும் என்பதற்காகவே பழைய ஃபெக்டரிகளில் மேல்மாடிகளை ஒதுக்கினார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டி, இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கும் கட்டடமும் அப்படி ஒரு ஃபெக்டரிதான்.

மாமா டிரையருக்குள் கையை விட்டார். போகவில்லை.

"மாப்பிள்ளை, கை போகாத இடத்துல காத்து எப்படிப் போகும்? கொழுந்த இப்படிக் குமிச்சிருந்தா அன்னைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

கணக்கும் மாமா பக்கம்தான். ஐந்து கிலோ உடுப்பு, சலவை மெசினில் பிழிந்த பிறகும், மூன்று கிலோவரை தண்ணீரோடு வரும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவை. மந்திரி உத்தரவுக்கு அது குறையாது. அடைத்துப் போட்டால் உடுப்பு புரளாது; பெட்ஷீட் மற்றதையெல்லாம் சுருட்டிக்கொண்டு, வெளியே சூடும் உள்ளே ஈரமுமாகக் கிடக்கும். அதற்காக இரண்டு சட்டையை மட்டும் போடுவதும் வீண்தான். உடுப்பைப் பாதியாக்கினால் நேரம் பாதியாகாது. பெட்டியையும் காற்றையும் சூடாக்கும் செலவு அப்படியே நிற்கும்.

ஆகவே சட்டம் திருத்தப்பட்டது. முக்கால்வாசிக்கு மேல் போடக்கூடாது. துவாயும் டெனிமும் தனிச் சுற்று. அதற்கு முன் சலவை மெசினில் இன்னொரு தரம் பிழிய வேண்டும். டிரையரின் பஞ்சு வடியைத் துடைப்பது மந்திரியின் வேலை.

முக்கால்வாசி என்றால் யாருடையதாவது வெளியே நிற்க வேண்டுமே! பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை முதலில், அடுத்தது மனுசியின் ஒஃபிஸ் சாரி, பிறகு மாமாவின் பெனியன். என் சாரங்கள் போர்ட்டிக்கோவில் தொங்குகின்றன, மூன்றாம் நாளாக.