கம்பத்துக்கு வந்த பெங்குயின்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டுவிட்டது. 11-க்கு மாறலாமென்றால் எட்டாம் தலைமுறை இன்டெல் வேண்டுமாம். என்னுடையது ஏழு. "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க மாமா, காசே கிடையாது" என்றான் அக்கா மகன். காசே கிடையாது என்று நம்மூரில் எவன் சொன்னாலும், சீக்கிரமே பர்ஸைத் திறக்க வேண்டிவரும். கம்பத்து டீக்கடையில் எல்லாம் தெரிந்த ஒருவர், "லினக்ஸுக்கு கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்ப்பா" என்று ஆரம்பித்து வைத்தார்.

கார்டு வாங்கத் தேனிக்கு பஸ் ஏறினேன். "கேமா, எடிட்டிங்கா?" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

"ரெண்டும் இல்லண்ணே, லினக்ஸ்."

துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு ஜிடி 710 டப்பாவை எடுத்து ஊதினார். தூசி முழுக்க என் மூக்குக்கு வந்தது. "இது எதுல போட்டாலும் ஓடும் சார்."

ஓடும்தான். ஆனால் உள்ளே இருப்பது என்விடியாவின் கெப்ளர் தலைமுறை, 2012-ஆம் வருசத்துச் சரக்கு. அதற்கு என்விடியா கொடுத்த டிரைவர் 470 வரிசையோடு நின்றுபோனது. மிச்சமிருப்பது, வெளியாட்கள் தாங்களே குடைந்து குடைந்து எழுதிய நூவோ டிரைவர். இந்தக் கம்பெனியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்த்தான், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். சின்னமனூரில் காட்டியிருந்தால் பஞ்சாயத்து வைத்திருப்பார்கள்.

ஒருவழியாக 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரில் லினக்ஸின் மையக்கருவான கெர்னலோடு பேசும் பகுதியின் நிரலைத் திறந்துவிட்டது. அதே மாதம்தான், மீட்டர் கேஜ் நின்று பதினோரு வருசம் கழித்து, மதுரையிலிருந்து தேனிக்கு அகல ரயில் வந்தது. மறுவருசம் அது போடிக்கும் போய்விட்டது. கம்பத்துக்கு இன்னும் பஸ்தான். என்விடியா ரயிலும் அப்படியே: 2018-ல் வந்த டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் மட்டும் ஏறலாம். ஜிடி 710 நம்ம ஊர்க்காரன். பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதுதான்.

ஏஎம்டி இந்த விசயத்தில் நல்ல சம்பந்தி. 2007-லேயே தன் கார்டுகளின் விவரக் கையேடுகளை வெளியே கொடுக்க ஆரம்பித்தது. அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வருகிறது. புதுசாக ஏதும் இறக்க வேண்டாம். இன்டெலும் அப்படித்தான். கடையில் ஏஎம்டி விலை கேட்டேன். சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அக்கா மகனுக்கு போன் போட்டேன். "உங்களுக்கு எதுக்கு மாமா கார்டு? போடி ஏலக்கா ரேட்டும் யூடியூப்பும்தான பாக்குறீங்க? பிராசசர்லயே கிராபிக்ஸ் இருக்கு!"

இருந்தது. கம்பத்துக்குத் திரும்பி, பெங்குயினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸைப் போட்டேன்; படம் வந்தது.

ஆகவே கேம் ஆடாதவர்கள் கார்டைத் தேடி அலைய வேண்டாம். புது இன்டெல் வாங்கினால் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்கியே தீருவேன் என்பவர்கள், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். படம் வந்தபிறகு காசு கொடுங்கள்.